ஃபிளாப்ல ரத்தம் ஓடுதான்னு ஐசிஜி போட்டு பாக்குறது எப்படி

மார்பகத்த எடுத்த இடத்துல அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் வச்சு புது மார்பு அமைக்கிற டீப் ஃபிளாப்புல (ஃபிளாப்னா ரத்தக்குழாயோட எடுத்து வேற எடத்துல வைக்கிற திசு), எந்த ஓரம் பிழைக்கும் எந்த ஓரம் கருகும்னு வெறும் கண்ணால பாத்தும் விரலால அமுக்கியும் மட்டும் சொல்றது கஷ்டம், அதுக்குத்தான் இண்டோசயனின் க்ரீன்ங்கிற சாயம், அதாவது ஐசிஜி. ரத்தத்துல இருக்குற புரோட்டீனோட ஒட்டிக்கிட்டு குழாய்க்குள்ளயே சுத்தும், 800 நானோமீட்டர் பக்கத்துல ஒளிய வாங்கி 830 பக்கத்துல விடும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

மொதல்ல அயோடைடு அலர்ஜி இருக்கான்னு கேளுங்க, ஐசிஜி பவுடர்ல சோடியம் அயோடைடு இருக்கு. 25 மில்லிகிராம் வயல்னா (மருந்துக் குப்பி) 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர்ல கரைங்க, சலைன்ல கரைக்கவே கூடாது. கரைச்சத 6 மணி நேரத்துக்குள்ள பயன்படுத்தணும்.

ஊசி போடறதுக்கு முன்னாடி அனஸ்தீசியா டாக்டர்கிட்ட பிரஷர் எவ்வளவு, பிரஷர ஏத்துற நார்அட்ரினலின் ஓடுதான்னு கேளுங்க, பிரஷர் கம்மியா இருந்தாலோ தோலுக்கடியில அட்ரினலின் போட்டிருந்தாலோ நல்லா இருக்குற தோலும் கறுப்பாத்தான் காட்டும், இத கேக்காம வெட்டிடாதீங்க. பல்ஸ் ஆக்சிமீட்டர் கொஞ்ச நேரம் கம்மியா காட்டலாம்னும் சொல்லி வைங்க, இல்லன்னா அவங்க பதறுவாங்க.

தியேட்டர் லைட்ட அணைச்சிட்டு, கேமராவ ஆடாம நிறுத்தி, ரெக்கார்டிங் ஓட விட்டுட்டு அப்புறம் மருந்து, பொதுவா 2 - 4 மில்லி, வெயின்ல (சிரையில) வேகமா, பின்னாடியே 10 மில்லி சலைன். பெர்ஃபொரேட்டர், அதாவது தசைய துளைச்சு தோலுக்கு வர்ற சின்ன ரத்தக்குழாய், இருக்குற எடத்துல மொதல்ல வெளிச்சம் வரும், அங்கேருந்து ஓரத்துக்குப் பரவும். பெர்ஃபொரேட்டருக்கு எதிர்ப்பக்கக் கடைசி ஓரம், நாம நாலாவது ஸோன்னு சொல்றது, கடைசியா வரும் இல்ல வராமலே போகும்.

இங்கதான் பொறுமை வேணும். 30 செகண்ட்ல கறுப்பா இருக்குறது 2 நிமிஷத்துல நெறஞ்சுடலாம், அதனால முழு வீடியோவையும் பாருங்க, ஒத்த போட்டோவ வச்சு முடிவு பண்ணாதீங்க. அப்பவும் கறுப்பா இருந்தா மார்க்கரால கோடு போட்டு அந்தப் பகுதிய எடுத்துடுங்க. வெளிச்சம் வந்துட்டு வடியாம அப்படியே தேங்கி நிக்குதுன்னா சிரை பக்கம் அடைப்பு இருக்கலாம், வெயின் மடங்கியிருக்கா, முறுக்கியிருக்கான்னு உடனே பாக்கணும்.

கல்லீரல் வழியா வெளியேறும், ரத்தத்துல பாதியாக 3 - 4 நிமிஷம் போதும், ஆனா திசுவுல பளபளப்பு மிச்சம் இருக்கும், அதனால ரத்தக்குழாய இணைச்சப்புறம் ரெண்டாவது தடவ போடும்போது மருந்துக்கு முன்னாடியே ஒரு படம் எடுத்து வச்சுக்கிட்டு அதோட ஒப்பிட்டுப் பாருங்க.