முப்பரிமாண ஒலியில் கதை சொல்கிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒலி நம்மைச் சுற்றி வெவ்வேறு திசையிலிருந்தும் தூரத்திலிருந்தும் வருவதுபோல் கேட்க வைப்பதுதான் முப்பரிமாண ஒலி. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள் என்ற குறிப்போடு வரும் இத்தகைய ஒலி நாடகங்களில் பல ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. ஒரு கொசு இடக் காதில் ரீங்கரிக்கும், பின்மண்டையைச் சுற்றிக்கொண்டு வலக் காதுக்கு வரும். நமக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கொசுவுக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்துவிடும்.

இந்த வியப்புக்கு வயது அதிகம். 1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்ற பொறியாளர், ஓபரா மேடையில் வைத்த மைக்குகளிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுத்து, ஆளுக்கு இரண்டு காதுக்குழல் கொடுத்துப் பாட்டுக் கேட்க வைத்தார். 1973இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் நாய்மன் நிறுவனம், காதுகளுக்குள் மைக் பொருத்திய செயற்கைத் தலை ஒன்றை அறிமுகப்படுத்தியது. அந்த முறையில் எடுத்த வானொலி நாடகமும் அப்போதே ஒலிபரப்பானது. இன்று மாறியிருப்பவை விலையும் பழக்கமும். சாதாரண மடிக்கணினியிலேயே ஒரு குரலை விரும்பிய திசையில் வைத்துவிடலாம். கேட்பவர்களும் பஸ்ஸிலும் படுக்கையிலும் இயர்போனோடுதான் இருக்கிறார்கள். வசதி கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சுழற்றிப் பார்க்கும் ஆசையும் கூடவே வந்துவிட்டது.

கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று முடிவு செய்யாமலே பதிவைத் தொடங்குவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம். ஒரு கல்யாண வீட்டுக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒளிந்திருக்கும் சிறுவனின் காது வழியாகக் கேட்கிறோம் என்றால், நாதஸ்வரம் சுவருக்கு அப்பால் மங்கலாக இருக்க வேண்டும்; படியேறும் கால்கள் தலைக்கு மேலே, பாத்திரச் சத்தம் ஒரு பக்கம், பெரியப்பா ரகசியமாகப் பேசும் பணத் தகராறு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில். இதே காட்சியில் எல்லா ஒலிகளையும் சமமான தெளிவோடு சுற்றிலும் பரப்பி வைத்தால் அது யாருடைய காதும் அல்ல. எழுதும்போதே ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் ஆளையும் ஓர் இடத்தையும் குறித்துவிட வேண்டும். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பார்த்துக்கொள்ளவே முடியாது.

அடுத்தது தூரம். திசையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குத் தூரத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. என் கணக்கில் இரண்டில் முக்கியமானது தூரம்தான். மொட்டைமாடியிலிருந்து அம்மா மகனைக் கூப்பிடுகிறாள். நடிகை அடைத்த அறையில், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, "டேய், சாப்பிட வா" என்கிறார். பிறகு மென்பொருளில் அந்தக் குரலை மேலே தூக்கி வைத்து, ஒலியளவைக் குறைக்கிறார்கள். கேட்பவருக்குக் கிடைப்பது மாடியில் நிற்கும் அம்மா அல்ல, பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசும் அம்மா. நேரடியாக வரும் ஒலிக்கும் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பி வரும் ஒலிக்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைப் பெரிதும் கணிக்கிறது. அதைவிடவும், தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடும் குரலே வேறு. தொண்டை இறுகும், உயிரெழுத்து நீளும், "டேய்" என்பது "டேஏஏய்" ஆகும். இதை நடிகை நடிக்க வேண்டும், மென்பொருள் நடிக்காது. முடிந்தால் உண்மையிலேயே மாடிக்கு அனுப்பிக் கூப்பிடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம்.

முன்னும் பின்னும் குழம்பும் என்பதை மறந்து கதையை அதன்மேல் கட்டுவது இன்னொன்று. இடம் வலம் அறிவது காதுக்கு எளிது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட இன்னொன்றை மில்லி விநாடியில் சுமார் 0.65 பங்கு தாமதமாக அடைகிறது. அது மூளைக்குப் போதும். ஆனால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வருவது இரு காதுகளையும் ஒரே நேரத்தில் அடைகிறது. அங்கே வேறுபாடு காட்டுவது காதுமடலின் வடிவமும் தலையைச் சற்றே அசைப்பதும்தான். காதுமடல் ஆளுக்கு ஆள் வேறு. பதிவு செய்த ஒலி நம் தலையோடு திரும்புவதும் இல்லை. தலையசைவைப் பின்தொடரும் ஹெட்போன்கள் வந்திருக்கின்றன, எல்லோரிடமும் கிடையாது. எனவே கொலைகாரன் பின்னால் வந்து நிற்பதுதான் உச்சக்கட்டம் என்றால், பின்பக்கத்துக் கதவு முனகட்டும், முன்னால் இருப்பவர் பேச்சை நிறுத்தட்டும். திசையை மட்டும் நம்பினால் பலருக்கு அவன் மூக்குக்கு நேரே நிற்பான்.

கதைசொல்லியின் குரலையும் அறைக்குள் எங்கோ ஒரு மூலையில் நிறுத்திவிடுகிறார்கள். தேவையில்லை. இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் சாதாரண மோனோ குரலை ஹெட்போனில் கேட்டால் அது தலைக்குள்ளேயே ஒலிப்பது போலிருக்கும். ஒலிப்பதிவாளர்கள் குறையாகச் சொல்லும் இந்தக் குணம், நினைவுக்கும் மனக்குரலுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். உலகம் வெளியே, எண்ணம் உள்ளே. இந்த ஒரு பிரிவினையை ஒழுங்காகக் கையாண்டாலே பாதி வேலை முடிந்தது.

வசனத்தில் இரண்டு பக்கமும் சறுக்கல் உண்டு. பழைய வானொலி நாடகப் பழக்கத்தில் "இதோ கதவைத் திறக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே திறக்கும் பாத்திரங்கள் இன்னும் உலவுகின்றன. அதற்கு நேரெதிராக, ஒலியே எல்லாம் சொல்லிவிடும் என்று ஒரு சொல்கூடத் தராமல் விடுபவர்களும் உண்டு. காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிவதும் ஓட்டின்மேல் மழை விழுவதும் கண்ணை மூடிக் கேட்டால் ஏறத்தாழ ஒன்றுதான். "நனையாதே, உள்ளே வா" என்ற ஒரு வரி வேண்டும். காது இடத்தைச் சொல்லும், பொருளைச் சொல்வதில் அடிக்கடி ஏமாறும். ஒரே ஒலிபெருக்கியும் இரண்டு கொட்டாங்கச்சியும் வைத்துக் குதிரை ஓட்டிய வானொலிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

வெளியிடும் கட்டத்தில் நேரும் கோளாறுகள் சலிப்பூட்டுபவை, ஆனால் நாடகத்தையே கொன்றுவிடக்கூடியவை. ஒரு பக்கமாக வைத்த குரலின், இடக் காதுக்கும் வலக் காதுக்குமான இரண்டு தடங்களும் கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் ஒன்றாகக் கலக்கும்போது, மேலே சொன்ன 0.65 மில்லி விநாடித் தாமதம் 770 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணின் அருகே ஒலியை அமுக்கிப் பள்ளம் பறிக்கும். அது பேச்சின் அதிர்வெண்களில் நடுப்பகுதி. குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். ஆகவே முக்கிய வசனங்களை ஓரங்களில் வைக்காதீர்கள். மோனோவில் ஒரு முறை முழுக்கக் கேளுங்கள். கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று எம்பி3யை 64 கேபிபிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு 64 கிலோபிட் தரவு) இறக்கினால், இடது வலதுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாடுகள்தான் முதலில் பலியாகும். 192க்குக் கீழே போக வேண்டாம். ஏற்கெனவே இரு காதுக்கெனக் கலந்து முடித்த பதிவைக் கைப்பேசியின் முப்பரிமாண வசதி மறுபடியும் ஒருமுறை விரித்துக் காட்டும்போது எல்லாம் குளியலறைக்குள் நடப்பதாகக் கேட்கும். அந்த வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று நாடகத்தின் விவரக் குறிப்பில் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள். கடைசி வரியாக எழுதினால் யாரும் படிப்பதில்லை.