தனி ஆளாக முதல் ஆப்: 25 டாலர் கட்டுவதிலிருந்து பின் எண் தபால் வரை

கோடிங் எழுதி முடித்த மறுநாளே ஆப் ப்ளே ஸ்டோரில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டால், சில வாரம் தள்ளிப்போகும். வேலை பாதியில் இருக்கும்போதே ப்ளே ஸ்டோர் டெவலப்பர் கணக்கையும் சோதனை ஆட்களையும் தயார் செய்துவிட வேண்டும். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையைக் காட்டும் சின்ன ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஐபோன் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர் கட்ட வேண்டும், மேக் கணினியும் வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ விவசாயி கையில் இருப்பதோ பெரும்பாலும் ஆண்ட்ராய்டு.

8 ஜிபி ரேம் லேப்டாப் போதும், எமுலேட்டரை (லேப்டாப் திரையிலேயே ஓடும் போலிப் போன்) திறக்காத வரை. பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்கி, கேபிள் போட்டு அதிலேயே ஓட்டிப் பாருங்கள். நாளைக்கு ஆப்பைத் திறக்கப்போவதும் அதே மாதிரிப் போன்தான்.

கணக்கும் இனிஷியலும்

கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர். கட்டுவதற்கு முன் வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்துவிடுங்கள். அடுத்து வருவது இனிஷியல் தகராறு. ஆதாரில் ‘எம். குமார்’, பான் கார்டில் ‘குமார் முத்தையா’, பாஸ்புக்கில் ‘குமார் எம்’ என்று ஒரே ஆள் மூன்று பெயரில் இருப்பது நம் பக்கம் சாதாரணம். கணக்கில் கொடுக்கும் பெயர் அடையாளச் சான்றோடு பொருந்த வேண்டும். பணம் வரும்போது பாஸ்புக் பெயரும் ஒத்துப்போக வேண்டும். எனவே மூன்றையும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுப் படிவத்தில் கை வையுங்கள்.

ஆப்புக்கு விலையோ சந்தாவோ வைத்தால் தனிநபர் கணக்கிலும் உங்கள் முழு முகவரி ஸ்டோர் பக்கத்தில் தெரியும். வாடகை வீடு என்றால் ஓனர் காதில் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள்.

12 பேர், 14 நாள்

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பைப் பொதுவில் விடும் முன் மூடிய சோதனை, அதாவது நீங்கள் சேர்க்கும் ஆட்கள் மட்டும் இறக்கிப் பார்க்கும் சோதனை, கட்டாயம். குறைந்தது 12 பேர் 14 நாள் இடைவிடாமல் அதில் இருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில்தான் குறைத்தார்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான். 12 ஜிமெயிலைப் பட்டியலில் போட்டுவிட்டால் கணக்கில் சேராது. ஒவ்வொருவரும் நீங்கள் அனுப்பும் லிங்க்கைத் திறந்து, சேர்கிறேன் என்று அழுத்த வேண்டும். அதுவும் அவர் போனின் ப்ளே ஸ்டோர் எந்த ஜிமெயிலில் ஓடுகிறதோ அதே ஜிமெயிலில். மார்க்கெட்டில் பாதிப் பேருக்குத் தங்கள் ஜிமெயில் என்னவென்றே தெரியாது. போன் வாங்கிய கடையில் யாரோ போட்டுக்கொடுத்ததாக இருக்கும். போனை வாங்கி, ப்ளே ஸ்டோரின் மேல் மூலையில் இருக்கும் வட்டத்தை அழுத்தி, வரும் முகவரியை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போகாதீர்கள், நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது.

18 பேரைச் சேருங்கள். நடுவில் நாலு பேர் கழன்றாலும் தாங்கும். காசு வாங்கிக்கொண்டு சோதனை ஆள் தருகிறவர்களை நம்ப வேண்டாம். அவர்கள் ஆப்பை இறக்குவதோடு சரி, திறப்பதில்லை. யார் என்ன சொன்னார், அதற்காக எதை மாற்றினீர்கள் என்று, ஆப்பைப் பொதுவில் விட அனுமதி கேட்கும் படிவத்தில் கேட்பார்கள். அந்த 14 நாளில் இரண்டு மூன்று அப்டேட் விட்டு, வந்த குறைகளைத் தேதியோடு எழுதிவையுங்கள். காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை என்று பூ மாறும்; விலைக்குப் பக்கத்தில் நேரம் எங்கே என்று முதல் நாளே கேட்டுவிடுவார்கள்.

தமிழ் எழுத்து செய்யும் வேலை

ஆப் பெயருக்கு 30 எழுத்துதான் இடம். ‘மதுரை மல்லிகைப்பூ விலை நிலவரம்’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது 16 எழுத்து. ஆனால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி யூனிகோட் குறிகள் (கணினி எழுத்தைச் சேமிக்கும் எண்கள்). இடைவெளியோடு எண்ணினால் சரியாக 30. இன்னொரு புள்ளி வைக்கக்கூட இடமில்லை. ஊரே சொல்வதுபோல் ‘மல்லி’ என்று வைத்தால் 6 குறி மிச்சம். கொத்தமல்லி தேடுகிறவரும் வந்து சேர்வார், போகட்டும்.

ஆப்புக்குள் பூப் பெயரைத் தேடுவதில் ஒரு பொறி இருக்கிறது. ‘கோழிக்கொண்டை’யில் வரும் ‘கோ’வை ஒரு கீபோர்டு ஒற்றைக் குறியாகவும், இன்னொன்று இரட்டைக் கொம்பு, கால் என இரண்டாகவும் தரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினிக்கு வேறு சொல். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும். நீளமான பெயரை எண்ணிக்கை பார்த்து வெட்டவும் கூடாது. ‘கனகாம்பரம்’ 5 குறியில் வெட்டுப்பட்டால் புள்ளி போய் ‘கனகாம’ என்று நிற்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் இருக்கும் பிரேக்இட்டரேட்டர் என்ற கருவி காட்டும் எழுத்து எல்லையில் வெட்டுங்கள். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து இறுக்கினால் ‘பூ’வின் அடிப்பகுதி நறுக்கப்படும்.

சாவி, விளம்பரம், தபால்

ஆப் உங்களுடையதுதான் என்று கையெழுத்திடும் அப்லோடு சாவி இருக்கும் கீஸ்டோர் ஃபைலையும் பாஸ்வேர்டையும் லேப்டாப் தவிர இன்னும் இரண்டு இடத்தில் வையுங்கள். அந்தச் சாவி தொலைந்தால் கூகுளிடம் கேட்டு மாற்றலாம், ஆனால் அது முடியும்வரை அப்டேட் விட முடியாது.

சோதனையின்போது கூகுளே தரும் மாதிரி விளம்பர அலகு ஐடியை மட்டும் போடுங்கள். உங்கள் நிஜ விளம்பரத்தை நீங்களே அழுத்துவதும், வீட்டு வைஃபையில் அக்கா, தம்பி எல்லாரும் ‘உதவிக்கு’ அழுத்துவதும் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப் கணக்கையே முடக்கக்கூடும். விளம்பரம் வைத்த ஆப், ஒவ்வொரு போனுக்கும் உள்ள விளம்பர ஐடியைச் சேகரிக்கிறது. ப்ளே ஸ்டோர் கேட்கும் தரவுப் பாதுகாப்புப் படிவத்தில் ‘எதுவும் சேகரிப்பதில்லை’ என்று போட்டால் ஆப் நிராகரிக்கப்படலாம்.

விளம்பர வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க பின் எண் தபாலில் வரும். 4 மாதத்துக்குள் அதைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். பணம் கைக்கு வருவது 100 டாலர் சேர்ந்த பிறகுதான். மதுரை மாசி வீதிகள் பக்கம் பழைய கதவு எண், புது எண் இரண்டும் புழக்கத்தில் இருக்கும். இரண்டையும் எழுதி, இரண்டாவது வரியில் அடையாளமாக ஒரு கடைப் பெயரையும் செல்போன் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். தபால்காரர் ஒரு போன் போட்டுவிடுவார்.