சூழல் மாறிகள்: பைத்தானில் எங்கே தவறுகிறோம்?

ரங்கூனில் கோவில் ரசீதுக்கும் கடைக் கணக்குக்கும் பைத்தானில் நிரல் எழுதும் நம் இளைஞர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. சூழல் மாறி என்பது நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் ஒரு பெயரும் அதன் மதிப்பும்; நிரல் தொடங்கும்போது அதற்குக் கிடைப்பது இவற்றின் நகல். தொடங்கிவைத்த டெர்மினலுக்கும் (கட்டளைகளைத் தட்டும் சன்னல்) அந்த நகலுக்கும் பிறகு தொடர்பே இல்லை. நிரலுக்குள் ஓஎஸ்.என்விரானை, அதாவது பைத்தான் அந்த நகலை வைத்திருக்கும் இடத்தை, மாற்றினால் அந்த நிரலும், அது அதன்பின் தொடங்கும் நிரல்களும் மட்டுமே மாற்றத்தைப் பார்க்கும். நிரல் முடிந்ததும் டெர்மினலில் தேடினால் பழைய மதிப்புதான் இருக்கும்.

காலம் கடந்து மாற்றுவதும் வீண். எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூடிஎஃப்-8 முறையைப் பயன்படுத்தச் சொல்லும் பைத்தான்யூடிஎஃப்8 என்ற மாறியைப் பைத்தான் தொடங்கும்போதே படித்துவிடுகிறது. விண்டோஸில் பர்மியப் பெயர்கள் சிதைகின்றன என்று அதை நிரலின் முதல் வரியில் வைத்தாலும் அந்த ஓட்டத்தில் பலன் இராது. கோப்பைத் திறக்கும் இடத்திலேயே யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

நம் ஊரில் அதிகம் படுத்துவது நேரம். மியன்மார் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 6 மணி 30 நிமிடம் முந்தியது. நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் மாறியில் ஏசியா/யாங்கோன் (யாங்கோன் ரங்கூனின் இன்றைய பெயர்) என்பதை ஓர் எழுத்து பிசகி எழுதினால் லினக்ஸ் பிழை எதுவும் காட்டாது; பேசாமல் பொது நேரத்துக்குப் போய்விடும். காலை 6 மணி அபிஷேக ரசீது முந்தைய நாள் இரவு 11:30 என்று பதிவாகும், நாள் கணக்கே புரளும். ஊர்ப் பெயருக்குப் பதில் எண்ணாக எழுதுகிறவர்கள் குறியில் தவறுகிறார்கள்: அந்த முறையில் கிழக்கு நாடுகளுக்குக் கழித்தல் குறி, அதாவது மியன்மாருக்கு எம்எம்டி-6:30. நிரலுக்குள்ளேயே டிஇசட்டை மாற்றினால் அதை ஏற்கச் செய்யும் டைம்.டிஇசட்செட்டையும் அழைக்க வேண்டும். விண்டோஸில் அது கிடையாது. என்னைக் கேட்டால், பைத்தான் 3.9 முதல் கூடவே வரும் ஸோன்இன்ஃபோ என்ற நேர மண்டலத் தொகுதிதான் நல்லது. பெயர் பிசகினால் அது உடனே பிழை காட்டி நிற்கும்.

மதிப்புகள் எல்லாமே எழுத்துச் சரங்கள் என்பதை மறக்கிறவர்களும் உண்டு. நேர வித்தியாசத்தை 6.5 என்று வைத்து, முழு எண்ணாக்கும் இன்ட் கொண்டு படித்தால் நிரல் முறியும். அதைவிட ஆபத்தானது ஃபால்ஸ் (பொய்) என்ற சொல். அனுப்பு என்ற மாறிக்கு ஃபால்ஸ் என்று மதிப்பு கொடுத்து, இஃப் கொண்டு நேராகச் சோதித்தால், காலியில்லாத சரம் என்பதால் அது உண்மையாகிவிடும். சோதனைக் குறுஞ்செய்தி பக்தர்கள் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். எந்தச் சொல்லை உண்மையாகக் கொள்வது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்வெட்டு வந்து கணினி மறுபடி எழும்போது, டெர்மினலில் எக்ஸ்போர்ட் கட்டளையால் வைத்த மாறிகள் போயிருக்கும். அவற்றை, டெர்மினல் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதினாலும், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. கிரானுக்குத் தேவையானவற்றை அதன் பட்டியலான கிரான்டாபிலேயே எழுதுங்கள். மாறியை நிலையாகச் சேமிக்கும் விண்டோஸின் செட்எக்ஸ் கட்டளை, ஏற்கெனவே திறந்திருக்கும் சன்னலைத் தொடாது. 1024 எழுத்துக்கு மேல் உள்ளதை வெட்டியும்விடும். நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் மாறியைச் செட்எக்ஸ் கொண்டு நீட்டாதீர்கள்.

மாறிகளை எழுதிவைக்கும் டாட்என்வ் கோப்பைத் திருத்தியும் பழைய மதிப்பே வருகிறதா? டெர்மினலில் அதே பெயர் ஏற்கெனவே இருந்தால் அந்தக் கோப்பைப் படிக்கும் பைத்தான்-டாட்என்வ் தொகுதி அதை மாற்றுவதில்லை; ஓவர்ரைடு என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். அந்தக் கோப்பு, நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டுக்குள் போய்விட்டால், அழித்தாலும் அதன் வரலாற்றில் கோப்பிலிருந்த கடவுச்சொல் இருக்கும். கோப்பை நீக்குவதற்கு முன் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.