சீலிங் விளக்கு எரியவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள், என் பழைய தவறு உட்பட

போன வாரம் காரைக்குடி செக்காலையில் ஒரு வாடகை வீடு. என்னிடம் தொழில் பழகும் பையனை முதலில் அனுப்பிவிட்டு அரை மணி நேரம் கழித்து நான் போனேன். படுக்கை அறையின் நடு விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. "முடிச்சாச்சுண்ணே" என்றான். எப்படி முடித்தான் என்று சீலிங் ரோஸை (கூரையில் விளக்கு வயரை இணைக்கும் வட்ட மூடி) கழற்றிப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த அதே வேலை, அதே பச்சை வயர்.

பல்பை மாற்றிப் பாருங்கள், ஹோல்டர் முள் அமுங்கிக் கிடக்கிறதா பாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பார்க்காமல் யாரும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதில்லை.

## நியூட்ரல் இல்லையென்று எர்த்தை இழுத்துக் கொடுப்பது

நம் ஊர்ப் பழைய வீடுகளில் வயர் சுவருக்குள் போகாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரை யார் உடைத்துக் குழாய் பதிப்பார்கள்? மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து, கூரையை ஒட்டியே ஓட்டியிருப்பார்கள். வழியில் அங்கங்கே இணைப்புகள். முறுக்கி டேப் சுற்றியதோடு சரி. பல வருடச் சூட்டில் அந்த முறுக்கு கறுத்துத் தளர்ந்துவிடும். கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸ் வயரின் முறுக்கு விட்டாலும் விளக்கு அணையும், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரின் முறுக்கு விட்டாலும் அணையும்.

புதியவர்கள் கையில் டெஸ்டர் ஒன்றுதான் இருக்கும். அதற்குள் இருக்கும் குட்டி நியான் விளக்கு, ஃபேஸிலிருந்து நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும் துளி மின்னோட்டத்தில் எரிகிறது. நியூட்ரல் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. இன்னொரு கூத்தும் உண்டு. நியூட்ரல் அறுந்திருக்கும்போது ஹோல்டரில் பல்பை விட்டுவைத்து சீலிங் ரோஸில் டெஸ்டர் வைத்தால் இரண்டு வயரிலும் எரியும். பல்பு வழியாகவே ஃபேஸ் மறுபக்கம் வந்து நிற்கிறது. பையன்கள் உடனே "ரெண்டுலயும் கரண்ட் வருதுண்ணே, ஷார்ட்டு" என்பார்கள். ஷார்ட் என்றால் ஃபீஸ் போயிருக்காதா? பல்பைக் கழற்றிப் பார்த்தால் ஒரு வயரில் எரிவது நின்றுவிடும். அந்த வயர்தான் அறுந்த நியூட்ரல்.

இதுவரை கண்டுபிடித்துவிடுகிறவனும் அடுத்த அடியில் வழுக்குகிறான். அறுந்த இடத்தைத் தேட வளவு (உள்முற்றமும் சுற்றியுள்ள அறைகளும்) முழுக்க ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஃபேனுக்கு வந்த பச்சை எர்த் வயரோ (கசியும் கரண்டைப் பூமிக்குக் கொண்டுபோகும் வயர்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலும் பூமியில்தானே இறங்குகிறது? அதனால் எர்த்தைக் கொடுத்தாலும் விளக்கு எரியும். வேலை முடிந்த மாதிரியே இருக்கும்.

நான் இதைச் செய்தது பள்ளத்தூரில். முன்கட்டில் ஓர் ஆச்சி, இரண்டாங்கட்டில் வாடகைக்கு ஒரு வாத்தியார். வாத்தியார் அறை விளக்கை இப்படித்தான் எரிய வைத்துவிட்டுக் கூலியும் வாங்கி வந்தேன். பத்து நாளில் ஆச்சி ஆள் அனுப்பினார். கிரைண்டரில் ஷாக் அடிக்கிறதாம். நான் கிரைண்டரைப் பிரித்து, மோட்டாரில் காயில் போய்விட்டது என்று சொல்லி, புதுக் காயில் கட்டி மாட்டினேன். மறுபடியும் ஷாக்.

"தம்பி, பகல்ல ஆட்டுனா ஒண்ணுமில்ல. வாத்தியார் ரூம்ல விளக்கு எரியறப்பதான் சுரீர்னு இழுக்குது" என்றார் ஆச்சி. பழுதை அவர் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வந்து நேராகப் பின்கட்டுக்குப் போனார். எர்த் குழாய் இருந்த இடம் சித்திரை வெயிலில் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் ஊற்றிப் பல வருடம் ஆகியிருக்கும். குழாயில் முடிந்த கம்பி துருவேறி ஒரு நூலில் தொங்கியது. 100 வாட் குண்டு பல்பின் மின்னோட்டம் பூமிக்குள் இறங்க வழியில்லாமல், அந்த எர்த்தோடு சேர்ந்த எல்லாச் சாமானின் உடம்பிலும் ஏறி நின்றிருக்கிறது. கம்பி முழுசாக அறுந்திருந்தால் பல்பு எரிந்திருக்காது, ஆனால் கிரைண்டரின் இரும்பில் 230 வோல்ட் காத்திருந்திருக்கும். ஆச்சி காய்ந்த மரப்பலகையில் நின்று மாவு வழிக்கிற பழக்கம் உள்ளவர். பிழைத்துக்கொண்டார். காயில் கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு அதற்கப்புறம் என்னை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது அந்த அளவு மின்னோட்டம் பூமிக்குக் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் சுவிட்ச், போட்ட வீடுகள் உண்டு. அங்கே எர்த்தில் விளக்கைக் கொடுத்தால் அது உடனே விழுந்துவிடும். ஒரு 9 வாட் எல்இடி பல்பே சுமார் 40 மில்லி ஆம்பியர் இழுக்கும் அல்லவா? அது ஒழுங்காகத் தன் வேலையைச் செய்கிறது. அதற்குச் சில பேர் சொல்லும் பதில்: "ஆர்சிசிபி சரியில்லண்ணே, டைரக்ட் பண்ணிட்டேன்." அதாவது அதை விலக்கிவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டார்களாம். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கை ஓங்குகிறது.

முறை இதுதான். ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, இரண்டு நீள வயர், அதாவது டெஸ்ட் லேம்ப். சரியாக வேலை செய்யும் பிளக்கிலிருந்து ஒரு நியூட்ரலை நீட்டிக்கொண்டு வந்து, விளக்கின் ஃபேஸோடு சேர்த்து லேம்பைப் பிடியுங்கள். எரிந்தால் ஃபேஸ் நன்றாக இருக்கிறது. அடுத்து அதே ஃபேஸையும் விளக்கின் சொந்த நியூட்ரலையும் சேர்த்துப் பிடியுங்கள். எரியவில்லையா, பழுது நியூட்ரலில். அப்புறம் மெயினை இறக்கிவிட்டு, ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நடக்க வேண்டியதுதான். செக்காலை வீட்டில் மூன்றாவது ஜங்ஷனில் கிடைத்தது. தேட முக்கால் மணி நேரம், முடிய ஐந்து நிமிடம். எர்த் வயரைப் பையனே கழற்றினான்.

## மெயினை இறக்கியாச்சு என்று நம்புவது

ஒரே வீடு, நாலு பங்காளி. இந்தப் பக்கத்து அறைகளுக்கு ஒரு மீட்டர், அந்தப் பக்கத்துக்கு இன்னொன்று. மேலே சட்டத்தில் இரண்டு பேர் வயரும் ஒட்டி உறவாடும். என்றைக்கோ யாரோ பக்கத்துப் புள்ளியின் (பங்காளிக் குடும்பத்தின்) லைனிலிருந்து ஒரு விளக்குக்கு மட்டும் இழுத்திருப்பார்கள். உங்கள் மெயினை இறக்கினாலும் அதில் கரண்ட் இருக்கும். முதலில் கரண்ட் உள்ள பிளக்கில் டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் தொடப்போகும் வயரில் வையுங்கள். செத்த டெஸ்டரை நம்பி ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

## வீட்டுக்காரரைக் கேட்காமல் தேக்கில் துளை போடுவது

பழைய ஹோல்டரை எடுத்துவிட்டுப் பெரிய பேனல் லைட் மாட்டலாம் என்று பர்மாத் தேக்கில் டிரில்லை வைக்கிறார்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பார்கள். வீட்டுக்காரர் சென்னையில் இருப்பார், போனில் சரி என்பார், இன்னொரு பங்காளி ஊருக்கு வரும்போது சண்டைக்கு நிற்பார். வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். வயரிங் வீட்டுக்காரர் பாடு, சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் பாடு என்று 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையே பிரித்திருக்கிறது. நியூட்ரல் அறுந்ததற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

## அணைத்த பிறகும் மங்கலாக எரியும் எல்இடி

பல்பைக் குறை சொல்லாதீர்கள். பல வீடுகளில் சுவிட்சில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலைக் கொடுத்திருப்பார்கள். சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும். பல்பு மாற்ற நாற்காலி போட்டு ஏறும் முன் இதைச் சரி செய்யுங்கள்.

## மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்இடி

சூட்டில் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் சீக்கிரம் போகும்.

## ஃபீஸ் கட்டையில் தடித்த கம்பி

வேண்டாம்.

## ஏணி

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறும் ஏணி வழுக்கும். அடியில் காய்ந்த சாக்கை மடித்துப் போடுங்கள், கீழே ஓர் ஆளை நிறுத்துங்கள், அவர் செருப்புப் போட்டிருக்கட்டும்.