ஒரே கரைசல், நான்கு சூடு: நாக ஒட்சைட்டு மென்படலம் செய்யும் முறை

ட்ரையரில் ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றிவிட்டால் தேயிலைக்கு என்ன ஆகும் என்று பெக்டரியில் வேலை செய்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். கொழுந்தின் வெளிப்புறம் சட்டென்று காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். முடியின் தடிப்பில் ஏறத்தாழ 400இல் ஒரு பங்கே உள்ள, மின்சாரத்தை அரைகுறையாகக் கடத்தும் குறைகடத்திப் படலத்திலும் இதே கோளாறு நடக்கிறது. ஆகவே "450 பாகையில் சூடாக்கினேன்" என்று மட்டும் குறித்து வைத்தால் போதாது. அந்த 450க்கு எவ்வளவு வேகத்தில் போனது, அதற்கு முன் எத்தனை பாகையில் காய்ந்தது, எந்த வளியில் நின்றது என்பவையும் படலத்தின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள செய்முறை இதைக் கண்ணாலும் பல்மானியாலும் (மல்டிமீற்றர்) பார்க்க வைக்கும். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ்.

குறைகடத்திகளில் நாக ஒட்சைட்டை (சிங்க் ஒக்சைட்) தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மூலப்பொருள் மலிவு, வெற்றிட இயந்திரம் தேவையில்லை, படலம் கண்ணாடிபோலத் தெளிவாக வரும். இத்தகைய ஒட்சைட்டுப் படலங்கள் மலையகத்துக்குப் புதியவையும் அல்ல. கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் பேராசிரியர் கீர்த்தி தென்னகோன் குழுவினர் 1990களில் சாயமூட்டிய சூரியக் கலங்களை இவற்றைக் கொண்டே செய்தார்கள்.

கரைசல்

தேவையானவை: நாக அசற்றேற்று இருநீரேற்று 2.195 கிராம், ஐசோபுரொப்பைல் அற்ககோல் 20 மில்லிலீற்றர், மொனோஎதனோலமைன் 0.60 மில்லிலீற்றர். இது லீற்றருக்கு 0.5 மூல் செறிவு. நாகமும் அமைனும் மூலுக்கு மூல் சமம்.

அற்ககோலில் நாக உப்பைப் போட்டால் பால்போலக் கலங்கி நிற்கும், பயப்படத் தேவையில்லை. 60 பாகையில் காந்தக் கலக்கியில் வைத்து, அமைனைத் துளித்துளியாக விடுங்கள். சிறிது நேரத்தில் கலங்கல் தெளியும். அமைன் நாக அயனைப் பிடித்துக்கொள்வதால்தான் அது கரைசலில் தங்குகிறது. மூடியபடியே 2 மணித்தியாலம் கலக்கி, ஒரு நாள் அறை வெப்பநிலையில் வைத்துவிட்டு, வடிதாளில் வடியுங்கள். வடிக்காத கரைசலில் உள்ள ஒவ்வொரு துகளும் படலத்தில் வால்வெள்ளிபோல ஒரு கீற்றாகத் தெரியும்.

மேட்டு நிலத்தில் இருப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மொனோஎதனோலமைன் 10 பாகை அளவில் உறைந்துவிடும். நுவரெலியாவின் தைமாதக் காலையில் போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் வராது. பழுதானது என்று எறிந்துவிடாமல் இளஞ்சூட்டு நீரில் போத்தலை வையுங்கள், இளகிவிடும். அடுத்தது, கடல்மட்டத்தில் 82 பாகையில் கொதிக்கும் இந்த அற்ககோல் நுவரெலியாவின் உயரத்தில் ஏறத்தாழ 77 பாகையிலேயே கொதிக்கும். "கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் கரையும்" என்று 75க்குக் கொண்டுபோனால் அற்ககோல் ஆவியாகி, செறிவு உங்களுக்குத் தெரியாமலே ஏறிவிடும்.

அமைன் தோலை அரிக்கும், அற்ககோல் எளிதில் தீப்பிடிக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். மிச்சக் கரைசலை ஓடையில் ஊற்றாதீர்கள், நாகம் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. போத்தலில் சேர்த்து ஆய்வுகூடக் கழிவோடு ஒப்படையுங்கள்.

கண்ணாடி

நுணுக்குக்காட்டி வழுக்கிகளை 2 சென்ரிமீற்றர் சதுரங்களாக வெட்டுங்கள். சவர்க்காரத் தூளால் தேய்த்துக் கழுவப் பீலித் தண்ணீர் தாராளமாகப் போதும். ஆனால் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான். அதன்பிறகு அற்ககோலில் 10 நிமிடம். சரிபார்க்கும் வழி எளிது: கண்ணாடியை நனைத்துச் சாய்த்தால் நீர் ஒரே விரிப்பாக வழிய வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள்.

பூசுதல்

சுழல் பூச்சு இயந்திரம் இல்லாவிட்டால் பழைய கணினியின் 12 வோல்ற்று மின்விசிறி போதும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் சுழலும். நடுக் குமிழில் இருபக்க ஒட்டுநாடாவால் கண்ணாடியைச் சரியாக மையத்தில் ஒட்டி, விசிறியை ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வையுங்கள். 4 துளி கரைசலை விட்டுக் கண்ணாடி முழுக்க நனைந்ததும் சுழற்றுங்கள், 30 விநாடி.

இந்த இடத்தில்தான் மலையகத்தில் அதிகமானோர் தோற்கிறார்கள். படலம் வெள்ளையாக, மூச்சுவிட்ட கண்ணாடிபோல வரும். அற்ககோல் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரவைக்கிறது. வெளியே பனிமூட்டம் நிற்கும் நாளில் வளியின் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து நாக உப்பை நீர்ப்பகுப்புச் செய்துவிடுகிறது. சூளையில் வைத்தாலும் அந்த வெண்மை போகாது. தென்மேல் பருவமழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் பேசினை மூடி, உள்ளே சிலிக்காஜெல் பொட்டலங்களைப் போட்டு, ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே வந்ததும் பூசுங்கள். கண்ணாடியை முன்கூட்டியே 50 பாகைக்குச் சூடாக்கி எடுப்பதும் நன்கு உதவும்.

காயவைத்தல்

பூசியவுடன் சூட்டுத் தட்டில் 100 பாகையில் 2 நிமிடம், பிறகு 250 பாகையில் 10 நிமிடம். நேரே 250இல் வைத்தால் தேயிலைக் கதைதான். மேல்தோல் இறுகி, உள்ளே அகப்பட்ட அற்ககோலும் அமைனும் வெடித்து வெளியேறிச் சுருக்கமும் ஊசித்துளையும் விழும். மாறாக 150உடன் நிறுத்தினால் அடுத்த பூச்சு கீழேயுள்ளதைக் கரைத்துவிடும். ஆறவிட்டு மறுபடி பூசுங்கள், மொத்தம் 6 தடவை. ஒரு பூச்சு ஏறத்தாழ 30 நானோமீற்றர் என்று கொள்ளலாம். விளக்கு வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் பூச்சுக்குப் பூச்சு நிறச்சாயல் மாறுவது தெரியும். ஒரே சதுரத்தில் பல நிறம் தெரிந்தால் தடிப்பு ஒரேசீராக இல்லை.

பதப்படுத்தும் சூடு

இப்படி ஒரேமாதிரியாக நான்கு மாதிரிகள் வேண்டும். முதலாவதை 250உடன் விட்டுவிடுங்கள். மற்ற மூன்றையும் முறையே 350, 450, 500 பாகையில் ஒவ்வொரு மணித்தியாலம் வையுங்கள். நிமிடத்துக்கு 5 பாகை வீதம் ஏற்றுங்கள். இறக்கும்போது சூளையைத் திறக்காமல் 100க்குக் கீழே வரும்வரை பொறுங்கள். கண்ணாடி நாக ஒட்சைட்டைவிட அதிகமாகச் சுருங்கும், அவசரப்பட்டால் இரண்டில் ஒன்று விரிசல் விடும். 500ஐத் தாண்டவும் கூடாது. சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி அதற்குமேல் வளையத் தொடங்கும், அதிலுள்ள சோடியமும் படலத்துக்குள் ஏறும். நடுவில் மின்சாரம் போனால் அந்த மாதிரியை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

என்ன மாறியது?

250இல் நின்றது இலேசான பழுப்பாக இருக்கலாம். அசற்றேற்றும் அமைனும் முழுதாக எரியவில்லை. 350இல் பளிங்குகள் தெளிவாக உருவாகியிருக்கும், ஆனால் சிறியவை. சூடு கூடக்கூட இந்தப் பளிங்கு மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும்.

பல்கலைக்கழகத்தில் எக்ஸ் கதிர் விளிம்புவளைவு எடுக்க முடிந்தால், செப்புக் கதிருக்கு 34.4 பாகையில் (இங்கே பாகை என்பது கோணம்) உள்ள உச்சியைப் பாருங்கள். அதன் அரையுயர அகலம் 0.40 பாகை என்றால், அதை ஆரையனாக்கினால் 0.00698. 0.9ஐ அலைநீளம் 0.15406 நானோமீற்றரால் பெருக்கி, 0.00698ஆலும், 34.4இன் பாதியான 17.2 பாகையின் கோசைனாலும் வகுத்தால் பளிங்கின் அளவு ஏறத்தாழ 21 நானோமீற்றர். அகலம் 0.28 ஆகக் குறைந்தால் அளவு 30 ஆகிறது. கருவிக்கே உரிய அகலத்தை முதலில் கழிக்க மறக்கவேண்டாம்.

கருவி இல்லாதவர்களுக்குப் பல்மானி. வெள்ளிப் பசையால் 1 மில்லிமீற்றர் இடைவெளியில் 1 சென்ரிமீற்றர் நீளமான இரண்டு கோடுகள் வரைந்து, இருட்டில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுத் தடையை அளவிடுங்கள். பிறகு கழியூதா டோர்ச் ஒன்றால் ஒளியூட்டுங்கள். டோர்ச்சின் அலைநீளத்தைப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் ஊதா டோர்ச் பெரும்பாலும் 395 நானோமீற்றர், அதன் போட்டனுக்கு 3.14 இலத்திரன்வோல்ற்றுத்தான். நாக ஒட்சைட்டின் பட்டை இடைவெளியோ, அதாவது இலத்திரன் விடுபட்டு ஓடத் தேவையான சக்தியோ, ஏறத்தாழ 3.3. 365 நானோமீற்றர் ஒளி 3.40 தரும், அதுவே வேண்டும். தடை சரசரவென்று விழும். அணைத்ததும் ஆறுதலாகத்தான் ஏறும். ஒளி பட்டபோது பரப்பைவிட்டு வெளியேறிய ஒட்சிசன் திரும்ப ஒட்ட நேரம் எடுக்கிறது.

இருட்டுத் தடை 500 பாகை மாதிரியில்தான் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். கூடியிருந்தால் அளவில் பிழை தேடாதீர்கள். சூடு இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது. மணிகள் பெரிதாகி எல்லைகள் குறைவதால் இலத்திரன் இலகுவாக ஓடும். அதேவேளை வளியிலுள்ள ஒட்சிசன், பளிங்கில் ஒட்சிசன் இல்லாமல் காலியாக உள்ள இடங்களை நிரப்பி, மணி எல்லையில் ஒட்டி, ஓடுவதற்கு இருக்கும் இலத்திரன்களையே பிடித்துக்கொள்ளும். எது வெல்லும் என்பது சூளையின் வளியைப் பொறுத்தது. அதே படலத்தை வெற்றிடத்திலோ ஐதரசன் கலந்த வாயுவிலோ சூடாக்கினால் ஒட்சிசன் வெளியேறித் தடை வெகுவாக இறங்கும். ஐதரசன் வெடிக்கக்கூடியது என்பதால் அந்தப் பரிசோதனையை அதற்கென அமைந்த ஆய்வுகூடத்தில் மட்டும் செய்யுங்கள்.