அப்டேட் போட்டாச்சு, பழைய லைப்ரரி போச்சா?

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் டிடிபி கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "லினக்ஸ்தானே, வைரஸ் வராது. நாங்க கண்ட சைட்டுக்கும் போறதில்லை." ஆபத்து வர அங்கே போகவே வேண்டாம். முன்பின் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தையும் பிடிஎஃப்பையும் நாள் முழுக்கத் திறப்பதுதானே கடையின் தொழில்? அந்தக் கோப்பைப் பிரித்துப் படிப்பது பெரும்பாலும் ஜிம்ப் போன்ற படத் திருத்தச் செயலியின் சொந்த நிரல் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் ஏதோ ஒரு லைப்ரரி, அதாவது பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. கெட்ட நிரல் உள்ளே புக வழிவிடும் ஓட்டை விழுவதும் அங்கேதான்.

2023 செப்டம்பரில் லிப்வெப்பி மாட்டியது. வெப்பி என்ற வடிவத்தில் சுருக்கிய படங்களை விரிக்கும் லைப்ரரி அது. வாட்ஸ்அப் ஸ்டிக்கர்கள்கூட வெப்பிதான். சுருக்கத்தைப் பிரிக்க உதவும் ஹஃப்மேன் அட்டவணைக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுத வைக்கும்படி ஒரு படத்தைத் தயாரிக்க முடிந்தது. குரோமும் ஃபயர்பாக்ஸும் அடுத்தடுத்த நாளில் திருத்தம் விட்டன. பிரவுசரை அப்டேட் செய்தவர்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். முதல் தவறு அதுதான். அதே லிப்வெப்பி சிஸ்டத்தில் ஒரு பிரதி, குரோமின் அடிப்படையை உள்ளே வைத்துக் கட்டிய எலக்ட்ரான் செயலி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிரதி, செயலிகளைத் தனிப் பொதியாகத் தரும் ஃப்ளாட்பேக்கின் பொது லைப்ரரித் தொகுப்பில் ஒன்று என்று பல இடத்தில் கிடக்கிறது. உபுண்டுவின் அப்டேட் கருவியான ஆப்ட், தான் நிறுவிய பொதிகளை மட்டுமே தொடும். ஃப்ளாட்பேக்குக்குத் தனியாக அப்டேட் கொடுக்க வேண்டும். எப்போதோ இறக்கி டெஸ்க்டாப்பில் போட்டுவைத்த, ஒரே கோப்பாக வரும் செயலியான ஆப்இமேஜுக்குள் இருப்பது, புதிய ஆப்இமேஜ் இறக்கும்வரை அதே பழையதுதான். யூடியூப் பார்த்து மூல நிரலிலிருந்து தாங்களே கட்டி 'மேக் இன்ஸ்டால்' போட்டவர்கள் கதை இன்னும் மோசம். யூஎஸ்ஆர் லோக்கல் என்ற ஃபோல்டரில் உட்கார்ந்த பிரதி முன்னுரிமை பெற்று, ஆப்ட் கொண்டுவந்த திருத்தத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

"நான் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லையே" என்பதும் எப்போதும் செல்லாது. 2023 அக்டோபரில் வெளிவந்த லிப்கியூ என்ற லைப்ரரியின் ஓட்டையில், உபுண்டுவின் வழக்கமான க்னோம் டெஸ்க்டாப்பில் ஒரு கியூ கோப்பு (ஆடியோ சிடியின் பாட்டு வரிசையைச் சொல்வது) டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வந்து விழுந்தாலே போதும். தேடலுக்காக ஃபோல்டரைத் துழாவும் டிராக்கர் என்ற நிரல் தானாகவே அதைப் படித்துவிடும்.

இனி, கடைகளில் நான் அதிகம் பார்ப்பது.

"அண்ணாச்சி, அப்டேட் போட்டீங்களே, மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?"

"எங்கடே நேரம்? ஆவணி பொறந்தாச்சு, கல்யாணப் பத்திரிகை குவிஞ்சு கிடக்கு."

லைப்ரரியை மாற்றும்போது வட்டில் இருக்கும் கோப்புதான் மாறுகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இங்க்ஸ்கேப் போன்ற டிசைன் செயலி, பழைய கோப்பை நினைவகத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். வட்டில் அழித்தாலும் விடாது. மூடித் திறக்கும்வரை ஓட்டை அப்படியேதான். ராத்திரி மெஷினைச் சஸ்பெண்டில் போட்டுவிட்டுப் போகிற கடையில் இது வாரக்கணக்கில் நீடிக்கும். நீட்ரீஸ்டார்ட் என்ற சிறு கருவியை ஓட்டினால், பழைய லைப்ரரியோடு ஓடும் நிரல்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் பொறுமை இல்லையென்றால், கடை சாத்தும்போது ஷட்டவுன்.

பதிப்பு எண்ணைப் பார்த்துப் பதறுவதும் வேண்டாம். லிப்வெப்பியின் திருத்தம் 1.3.2-இல் வந்தது. உபுண்டுவின் தாய் லினக்ஸான டெபியனின் 12-ஆம் வெளியீட்டில் அதற்குப் பிறகும் 1.2.4 என்றே காட்டும். எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் ஒட்டுவது அவர்கள் வழக்கம். எண்ணின் வாலில் இருக்கும் 'டெப்12யு1' போன்ற குறிதான் அடையாளம். இது புரியாமல், புதுசு வேண்டும் என்று யாரோ ஒருவர் தனியாக நடத்தும் பொதிக் களஞ்சியமான பிபிஏவைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். புதுசு என்பதாலேயே பத்திரம் என்று ஆகிவிடாது. 2024 மார்ச்சில் பிடிபட்ட எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் ஒளித்துவைத்த பின்வாசல் இருந்தது, அதன் அப்போதைய புத்தம் புதிய 5.6.0, 5.6.1 பதிப்புகளில். டெபியனின் நிலையான வெளியீட்டில் இருந்தவர்களை அது தொடவில்லை.

அப்டேட் போடும்போது டெர்மினலில் 'இஎஸ்எம் ஆப்ஸ்' (விரிவான பாதுகாப்புப் பராமரிப்பு) என்று வரும் வரியை விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். விளம்பரமும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் எல்லாம் உபுண்டுவில் சமூகம் பராமரிக்கும் யூனிவர்ஸ் பகுதியில் இருப்பவை. அந்தப் பகுதிக்கான பல பாதுகாப்புத் திருத்தங்கள் உபுண்டு ப்ரோ என்ற சந்தா வழியாகத்தான் வருகின்றன. 5 மெஷின்வரை இலவசம். சின்னக் கடைக்குப் போதும்.

கடைசியாக, பழைய வெளியீடு. உபுண்டு 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடும், 20.04-க்கு 2025 மே மாதத்தோடும் முடிந்துவிட்டது. அந்த மெஷின்களில் அப்டேட் கொடுத்தால் பெரும்பாலும் பிழை எதுவும் வராது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லும். புதுத் திருத்தம் வருவது நின்றுபோனதால் அப்படிச் சொல்கிறது. செட்டிங்ஸில் 'அபௌட்' பக்கத்தைத் திறந்து எண்ணைப் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று என்றால், பத்திரிகை டிசைன்களை வெளி ஹார்ட்டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டு 24.04-க்கு மாறுங்கள். ஆவணி முகூர்த்தம் முடிந்த பிறகே செய்யலாம், ஆனால் ஐப்பசிக்குத் தள்ளவேண்டாம்.