நிலநடுக்கத்துக்குப் பின் நண்பர்களின் நலம் அறிவது எப்படி: ஜப்பானில் வாழும் தமிழர்களுக்கு

2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2:46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடற்பரப்பில் 9.0 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. டோக்கியோவில் ஆட்டம் ஓய்ந்ததும் பெரும்பாலோர் செல்பேசியை எடுத்து யாரையாவது அழைக்க முயன்றார்கள், அழைப்பு போகவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்ததால் ஏற்பட்ட நெரிசலைச் சமாளிக்க, செல்பேசி நிறுவனங்களே குரல் அழைப்புகளில் 70 முதல் 95 விழுக்காடு வரை தடுத்து வைக்க நேர்ந்தது. இணையவழிச் செய்திகளுக்கோ அந்த அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. அவை தாமதமாகவேனும் போய்ச் சேர்ந்தன. எனவே பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் யாரையும் குரலில் அழைக்க வேண்டாம், எழுதி அனுப்புங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119, காவல்துறைக்கு 110 என்று அழையுங்கள்.

நண்பர்களைத் தேடும் வேலையில் பாதி, நிலம் அமைதியாக இருக்கும் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். டோக்கியோவின் நிஷி-கசாய் போன்ற இந்தியர் மிகுந்த பகுதிகளில் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் நூற்றுக்கணக்கானோர் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் கதவைத் தட்டிப் பார்க்கப் போகிறவர்கள் நான்கைந்து பேர்தாம். அந்தச் சிலரோடு மட்டும் ஒரு சிறு குழு அமைத்து, ஒவ்வொருவரின் முகவரி, வேலையிடம், பேரிடரின்போது அருகில் புகலிடமாகத் திறக்கப்படும் பள்ளி ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, அதிர்வு எட்டாத தொலைவில் உள்ள ஒருவரைப் பொதுத் தொடர்பாளராக வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட பகுதிக்குள் ஒருவருக்கொருவர் பேச முடியாதபோதும், இருவருமே மதுரையில் உள்ள ஓர் அண்ணனுக்கோ ஓசாகாவில் உள்ள ஒரு தோழிக்கோ செய்தி அனுப்பிவிட முடிவதுண்டு. அவர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து எத்தனை மணிக்கு என்ன செய்தி வந்தது என்று குறித்துக்கொண்டே வந்தால், பத்துப் பேர் பத்துப் பேரை விசாரிக்கும் குழப்பம் இராது. நிதானமான ஆளைத் தேர்ந்தெடுப்பது நல்லது; பதறி அழுகிறவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. இந்த எண்களை ஒரு தாளிலும் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். சார்ஜ் தீர்ந்த செல்பேசிக்குள் இருக்கும் எண்கள் எதற்கும் உதவா.

அதிர்வின்போது செய்ய வேண்டியவை பலமுறை சொல்லப்பட்டவை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். செல்பேசிகள் ஒரே குரலில் அலறும் அந்த முன்னெச்சரிக்கை ஒலிக்கும் உண்மையான ஆட்டத்துக்கும் இடையே சில நொடிகளே கிடைக்கும். மையத்துக்கு அருகில் இருந்தால் அதுவும் கிடைக்காது. வலுவான மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பற்றிக்கொள்ளுங்கள். மேசை இல்லாவிட்டால் அலமாரிகளையும் கண்ணாடியையும் விட்டு விலகிக் குனிந்து தலையை மறைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தாலும் அதை அணைக்க ஓட வேண்டாம். ஓரிடத்தில் நிலம் எவ்வளவு ஆடியது என்பதைக் காட்டும் ஜப்பானிய அளவுகோலான ஷிந்தோவில் 5 அளவு அதிர்வில் எரிவாயு மீட்டர் தானாகவே வாயுவை நிறுத்திவிடும். கொதிக்கும் எண்ணெய் மேலே கொட்டுவதுதான் பெரிய ஆபத்து. லிஃப்ட்டுக்குள் இருந்தால் எல்லா மாடிகளின் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் எங்கே நிற்கிறதோ அங்கேயே இறங்கிவிடுங்கள். ஆட்டம் நின்றதும் செருப்போ ஷூவோ அணியாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள், ஏனெனில் உடைந்த கண்ணாடி எங்கே சிதறிக் கிடக்கிறதென்று இருட்டில் தெரியாது. வாசற்கதவைத் திறந்து வையுங்கள். வீட்டை விட்டு வெளியேறுவதானால் மின்சாரத்தின் முதன்மை பிரேக்கரை இறக்கிவிட்டுப் போங்கள். மின்சாரம் திரும்பி வரும்போது கவிழ்ந்து கிடக்கும் ஹீட்டரிலிருந்து தீப்பிடிப்பது 1995இல் கோபே நிலநடுக்கத்தில் பலமுறை நடந்தது.

ஆட்டம் நின்றபின் செய்ய வேண்டியவையாக மேலே சொன்னவை கடற்கரையில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. கடலோரத்தில் பலமான ஆட்டத்தையோ, மெதுவாயினும் நெடுநேரம் நீளும் ஆட்டத்தையோ உணர்ந்தால், எச்சரிக்கைக்கும் நண்பரின் பதிலுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று நடந்த நோத்தோ நிலநடுக்கத்தில், அந்தத் தீபகற்பத்தின் சில கரைகளுக்குச் சுனாமி சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. வடகிழக்கின் சன்ரிக்கு கரையோர மக்கள், ஒருவர் மற்றவரைத் தேடித் திரும்பாமல் அவரவர் தனித்தனியே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைத் தலைமுறைகளாகக் கற்பித்து வந்திருக்கிறார்கள். கேட்பதற்கு இரக்கமற்றதாகத் தோன்றினாலும், அவரும் ஓடியிருப்பார் என்று இருதரப்பும் முன்பே பேசி நம்பியிருந்தால்தான் இருவரும் பிழைக்க முடியும். 2004 டிசம்பர் 26இல் நாகப்பட்டினத்தையோ கடலூரையோ அறிந்தவர்களுக்கு, ஓர் அலை வடிந்ததும் கீழே இறங்கிப் போகக் கூடாது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு உடனடி ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகே செய்தி அனுப்பும் கட்டம் வருகிறது. “பயங்கர ஆட்டம், இன்னும் கை நடுங்குகிறது” என்பது மனத்துக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. “பிற்பகல் 3:10. நலம், காயமில்லை. நிஷி-கசாய் வீட்டில் இருக்கிறேன், மின்சாரம் இல்லை. அடுத்த செய்தி மாலை 6 மணிக்கு” என்று எழுதினால் எல்லாம் அதில் அடங்கிவிடும். நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நெரிசலில் செய்திகள் முன்பின்னாக வந்து சேரும், நான்கு மணிக்கு அனுப்பியது ஏழு மணிக்கு வந்தால் அதை அப்போதைய நிலை என்று கொள்ளக் கூடாது. அடுத்த செய்தி எப்போது என்று சொல்லிவிட்டால் இடையில் யாரும் விசாரிக்க மாட்டார்கள், உங்கள் சார்ஜும் மிஞ்சும். அதன்பின் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, தேவையற்ற செயலிகளை மூடிவிட்டு, காணொளி பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

பதில் வராத நண்பரைப் பற்றித்தான் மனம் அதிகம் அலைபாயும். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும் தெரிவதற்கு, அவர் செல்பேசி அணைந்திருப்பது, அவர் ரயில் சுரங்கத்தில் நின்றிருப்பது, அப்பகுதிக் கோபுரத்துக்கு மின்சாரம் போயிருப்பது எனச் சாதாரணக் காரணங்கள் பல இருக்க முடியும். முதல் நாள் பதில் சொன்னவர் மறுநாள் மௌனமாவதும் அப்படியே. 2011இல் வடகிழக்கில் செல்பேசிக் கோபுரங்களின் முடக்கம் நிலநடுக்கத்துக்கு மறுநாளே உச்சத்தை அடைந்தது, ஏனெனில் மின்சாரம் இல்லாமல் பேட்டரியில் ஓடியவை அதற்குள் தீர்ந்துவிட்டன. வீடு திரும்பவில்லை என்பதும் கெட்ட செய்தி ஆகாது. நிலநடுக்கம் நிகழ்ந்த அன்று தலைநகர் வட்டாரத்தில் ஏறத்தாழ 51 லட்சம் பேரால் அன்றைக்கே வீடு போய்ச் சேர முடியவில்லை என்று அரசு மதிப்பிட்டது. அந்த அனுபவத்துக்குப் பின், 2013 ஏப்ரல் முதல், ஊழியர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் மூன்று நாளுக்கான உணவும் குடிநீரும் வைத்து அலுவலகத்திலேயே தங்கவைக்க முயல வேண்டும் என்று டோக்கியோ மாநகர விதி கேட்டுக்கொள்கிறது. ஆகவே நண்பரைத் தேடி ரயில் ஓடாத நகரத்தில் நடக்கத் தொடங்காதீர்கள். தேடப்படுபவர்களின் பட்டியலில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள்.

நடந்து எட்டும் தொலைவில் இருப்பவர்களைப் பார்ப்பது வேறு விஷயம். அதிலும் ஒரு வரிசை வேண்டும். 1981 ஜூன் மாதத்துக்கு முந்தைய கட்டட விதிப்படி எழுந்த பழைய மரவீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள், தனியாக வசிக்கும் மாணவர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், ஜப்பானிய மொழி தெரியாமல் புதிதாக வந்திறங்கியவர்கள் ஆகியோர் முதலில். கெட்டியான புதிய அடுக்ககத்தில் வாழும் நெருங்கிய நண்பர் அதற்குப் பின்னால் இருக்கலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதே வேளையில், தொலைவை மட்டும் வைத்து ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடாதீர்கள். 2011இல் மையத்திலிருந்து சுமார் 770 கிலோமீட்டர் தள்ளி, தரையில் ஷிந்தோ 3 மட்டுமே பதிவான ஓசாகாவில், சாக்கிஷிமாவின் உயர்கோபுரக் கட்டடம் ஒரு பக்கமாக ஒரு மீட்டருக்கும் மேல் சாய்ந்து சுமார் பத்து நிமிடம் ஆடியது. லிஃப்ட்டுகளில் ஆட்கள் சிக்கினார்கள்.

இணையமும் போய்விட்டால் 171 இருக்கிறது. கோபே அனுபவத்துக்குப் பின், 1998இல் என்டிடி தொலைபேசி நிறுவனம் தொடங்கிய இந்தப் பேரிடர் குரல்பதிவுச் சேவையில் 171 அழைத்து, பதிவு செய்ய 1, கேட்க 2 என்று அழுத்தி, பாதிக்கப்பட்ட பகுதியில் இருப்பவரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தால், 30 நொடிகள் வரை பேசிப் பதிவுசெய்யலாம். அதே எண்ணைக் கொடுக்கும் எவரும் அதைக் கேட்கலாம். யாருடைய எண்ணைக் கொடுப்பது என்று முன்பே பேசி வைக்காவிட்டால் இருவரும் வெவ்வேறு பெட்டியில் பதிந்துவிட்டுக் காத்திருப்பீர்கள். அறிவிப்புக் குரல் ஜப்பானிய மொழியில்தான் வரும் என்பதால் இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்வதே எளிது. ஒவ்வொரு மாதமும் 1ஆம், 15ஆம் தேதிகளில் பயிற்சிக்காக இதைத் திறந்து வைக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தேதியில் வந்தால் நண்பரோடு சேர்ந்து முயன்று பாருங்கள். இதன் இணைய வடிவமான வெப்171இல் ஆங்கிலமும் உண்டு, ஊரிலிருந்தும் திறக்கலாம். தெருவோரத்துப் பச்சை நிறப் பொதுத் தொலைபேசிகளுக்குப் பேரிடரின்போது முன்னுரிமை கிடைக்கும். மின்சாரம் இல்லாதபோது அவற்றில் கார்டு வேலை செய்யாது, பத்து யென் நாணயம் வேலை செய்யும். சில நாணயங்களைப் பையில் வைத்திருங்கள்.

ஊரிலிருப்பவர்களை அமைதிப்படுத்துவதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். தொலைக்காட்சியில், எடுத்துக்காட்டாக நோத்தோவின்போது, 7.6 என்று ஓடும் எண் நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றலைக் குறிப்பது. நீங்கள் இருக்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்பதை ஷிந்தோ சொல்லும். “நோத்தோவில் ஷிந்தோ 7, நாங்கள் இருக்கும் இடம் அதிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம்” என்று அம்மாவிடம் சொன்னால் அவர் அன்றிரவு தூங்குவார். உறவினர் அனைவருக்கும் தனித்தனியே பதில் எழுதாமல், ஒரு தங்கையிடமோ சித்தப்பாவிடமோ சொல்லி, அவரையே மற்றவர்களுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

முதல் ஆட்டத்தோடு எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். 2016இல் குமாமோட்டோவில் ஏப்ரல் 14 இரவு 6.5 அளவில் அதிர்ந்த நிலம், 16ஆம் தேதி அதிகாலையில் 7.3 அளவில் இன்னும் பலமாக அதிர்ந்தது. மஷிகி நகரத்தில் இரண்டு முறையும் ஷிந்தோ 7. முதல் ஆட்டத்தில் விரிசல் விட்ட வீட்டுக்குள் நண்பரைப் படுக்க அனுப்பாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் நலம் விசாரிப்பைத் தொடருங்கள். குமாமோட்டோவின் அந்த முதல் இரவில், மிருகக்காட்சிசாலையிலிருந்து சிங்கம் தப்பித் தெருவில் நிற்பதாக ஒரு பொய்ப் படம் பரவியது; அதைப் பரப்பியவர் பிறகு கைதானார். படித்தவர்களும் பகிர்ந்த படம் அது. தமிழ்க் குழுக்களில் வரும் “அடுத்த ஆட்டம் இரவு 11 மணிக்கு” வகைச் செய்திகளுக்கும் அதே மதிப்புதான், ஏனெனில் நாளும் நேரமும் குறித்து நிலநடுக்கத்தை முன்னறிவிக்கும் முறை எவரிடமும் இல்லை.

ஒரு நாள் முழுதும் கடந்தும் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை என்றால், பொதுத் தொடர்பாளர் ஒருவர் மட்டும் முறைப்படி விசாரிக்கத் தொடங்கட்டும்: அவருடைய அலுவலகம் அல்லது பல்கலைக்கழகம், வீட்டை வாடகைக்கு விட்டவர், அருகிலுள்ள புகலிடப் பள்ளி, வட்டார நகராட்சி அலுவலகம், பிறகு இந்தியத் தூதரகம் என்ற வரிசையில். பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர், பிறந்த தேதி, ஜப்பானிய எழுத்தில் பதிந்த பெயர் ஆகியவை கையில் இருக்க வேண்டும். நாம் கூப்பிடும் செல்லப்பெயரோ, முன்னெழுத்தை மட்டும் கொண்ட தமிழ்ப் பெயரோ புகலிடப் பதிவேட்டில் தேட உதவாது. புகைப்படத்தோடு பொதுவெளியில் பதிவிடுவதை இவற்றுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். பதிவிட்டாலும் வீட்டு முகவரியைச் சேர்க்காதீர்கள். அவர் கிடைத்ததும் விசாரித்த ஒவ்வோர் இடத்துக்கும் அதைத் தெரிவித்து, பதிவுகளை நீக்கிவிடுங்கள்.